1984ஐ விடுங்கள், அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பேசுங்கள்

கேள்வி (சுருக்கியிருக்கிறேன்):

எனக்கு வயது 57. மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டம். பென்ஷன் வயது வந்து நின்றுவிட்டேன், இப்போது கைக்காசுக்குத்தான் (கிலோக் கணக்குக்குக் காசு) கொழுந்து எடுக்கிறேன். எங்கள் 84 ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) பேட்ச் ஆகஸ்ட் லீவில் நுவரெலியாவில் ஒன்றுகூடுகிறதாம், என்னையும் வட்ஸ்அப் குரூப்பில் சேர்த்தார்கள். நான் ஓ.எல் எழுதவே இல்லை. பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கும்போது அப்பா விழுந்து கால் உடைந்து, என்னை மலைக்கு, தோட்ட வேலைக்கு, பேர் போட்டுவிட்டார்கள்.

முதலில் சந்தோஷமாக இருந்தது. 83இல் இந்தியாவுக்கு, கோத்தகிரிக்குப் போன என் கூட்டாளியின் குரலை நாற்பது வருடத்துக்குப் பிறகு கேட்டேன். அவள் புறப்படுகிற வாரம் அவளுடைய கொம்பாஸ் பெட்டியை நான் எடுத்துக்கொண்டேன், திருடினேன் என்றே இவ்வளவு காலமும் மனசு குத்தியது. அதைச் சொன்னால் "நான்தானே கொடுத்தேன், பைத்தியமே" என்கிறாள். பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது, ஊசி, பொத்தான் போட்டு வைத்திருக்கிறேன். எது உண்மை?

போன செவ்வாய்க்கிழமை, அதிபராக இருந்து ஓய்வுபெற்ற வகுப்புக்காரர் ஒருவர் "கொங்காணி ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பித்தார். கொங்காணி என்பது என் பட்டப்பெயர். நான் மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டு வந்தது, நனைந்த சாக்கு வகுப்பில் நாறியது, சேர் என்னை வாசல் பக்கம் தனியாக இருத்தியது எல்லாவற்றையும் எழுதிவிட்டார். முப்பது பேர் சிரிப்புப் படம் போட்டார்கள். நானும் போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. அன்றிலிருந்து நித்திரை இல்லை. அந்தப் பெயரை வைத்ததே அவர்தான். நான் போவதா, வேண்டாமா? காசு 5000, பெண்களெல்லாம் மெரூன் கலர் சாரியாம். மகள் போகச் சொல்கிறாள்.

பதில்:

அக்கா,

முதலில் அந்தச் சிரிப்புப் படம். உங்கள் முழுக் கடிதத்தில் மூன்று இடத்தில் அதற்காக உங்களையே திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். வகுப்பே சிரிக்கும்போது தானும் சேர்ந்து சிரித்துவிட்டால் சீக்கிரம் அடங்கிவிடும் என்று பதின்மூன்று பதினாலு வயதில் ஒரு பிள்ளை கற்றுக்கொள்கிறது, யாரும் சொல்லிக்கொடுத்து இல்லை. அன்றைக்கு அது உதவியிருக்கும். இத்தனை வருடம் கழித்தும் கை தானாக அந்த இடத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். அதற்காக உங்களைத் திட்டுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உளவளத்துணையாளர் என்று பலகை மாட்டிக்கொண்டு இருக்கிற நான் பட்டப்பெயர் வாங்கியவன் இல்லை, வைத்தவன். எங்கள் வகுப்பில் ஒரு பையனுக்கு நான் வைத்த பெயர் (இங்கே எழுத மாட்டேன், அது அச்சில் வேறு வர வேண்டுமா) ஓ.எல் முடியும் வரை அவனை விடவில்லை. சில வருடத்துக்கு முன் எங்கள் ஒன்றுகூடலுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தபோது குரூப்பில் யாரோ அந்தப் பெயரை எடுத்துவிட, அவன் ஒரு வார்த்தை பேசாமல் குரூப்பை விட்டுப் போய்விட்டான். நான் இரண்டு நாள் யோசித்துவிட்டு போன் எடுத்து, அந்தப் பெயரை வைத்தது நான்தான், மன்னித்துக்கொள் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னான்: "நீயா? நான் இவ்வளவு நாளும் வேறொருத்தன் என்று நினைத்து, அவனோடு பேச்சுவார்த்தை விட்டு முப்பது வருசமாச்சே."

சிரிப்பு வந்தால் சிரியுங்கள், எனக்கு அன்றைக்கு வரவில்லை. உங்கள் கடிதத்தில் "அந்தப் பெயரை வைத்ததே அவர்தான்" என்ற வரியைப் படித்தவுடன் எனக்கு அந்த போன்கால்தான் நினைவுக்கு வந்தது. நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதன்மேல் எதையும் கட்டாதீர்கள் என்று சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது.

மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணி வற்றும்போது பழைய மஸ்கெலியாவின் கோயில் தலைகாட்டுவதை நீங்கள் என்னைவிட அதிகம் பார்த்திருப்பீர்கள். ஞாபகமும் அப்படித்தான், மூழ்கினது மூழ்கின மாதிரியே கீழே கிடக்கும், தண்ணி இறங்கினால் போதும் என்றுதான் நாம் எல்லாரும் நினைக்கிறோம். அப்படி இல்லை அக்கா. ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் அந்தக் கோயிலைத் திரும்பக் கட்டுகிறோம், பழைய கல்லோடு அன்றைக்குக் கைக்கு அகப்பட்ட புதுக் கல்லையும் சேர்த்து வைத்து. அமெரிக்காவில் பாரிக் என்ற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் 1996இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 99 கல்லூரி மாணவர்களிடம் உயர்பள்ளியில் என்ன மார்க் வாங்கினீர்கள் என்று கேட்டு, பள்ளிக்கூடத்துப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏ வாங்கியதை நூற்றுக்கு 89 தடவை சரியாகச் சொன்னார்கள், டி வாங்கியதை 29 தடவைதான். (அங்கே டி என்றால் நம் காலத்து டிஸ்டிங்ஷன் இல்லை, கடைசிக்குக் கிட்டத்து மார்க்.) பிழையாகச் சொன்னதில் பெரும்பாலானவை கூட்டிச் சொன்னவை. அதுவும் கல்லூரிக்குள் வந்து கொஞ்ச காலமே ஆன பிள்ளைகள். நாற்பது வருடம் கழித்து நம் குரூப்புகளில் ஓடுகிற கதைகளை யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, கூட்டாக நினைவுகூரும்போது ஒருவர் சொன்னது மற்றவருக்கும் ஒட்டிக்கொள்ளும். இல்ல விளையாட்டுப் போட்டியில் நான் கோலூன்றிப் பாயப்போய் கோலோடு சேற்றில் விழுந்ததை எங்கள் குரூப்பில் ஆறேழு பேர் விவரமாக எழுதினார்கள், கொஞ்ச நேரத்தில் எனக்கே அந்தச் சேற்றின் குளிர் தெரிய ஆரம்பித்துவிட்டது. அம்மாவிடம் சொன்னேன். "அந்த வருசம் உனக்குக் கூகைக்கட்டு, வீட்டில் வேப்பிலைக்குப் பக்கத்தில் கிடந்தாய்" என்றார். விழுந்தது யாரென்று இன்றுவரை தெரியாது.

உங்கள் வகுப்புக்கு இதில் ஒரு தனிக் கஷ்டமும் இருக்கிறது. ஊரிலேயே இருக்கிற வகுப்புக்காரர்கள் கலியாண வீட்டில், செத்த வீட்டில், பஸ்ஸில் அடிக்கடி கண்டு பேசுவார்கள், ஒருவர் கதையை மற்றவர் திருத்துவார். உங்கள் வகுப்பில் எத்தனை பேர் அப்படி மிஞ்சினார்கள்? 1964 அக்டோபர் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம் இந்திய வம்சாவளி ஆட்களில் ஐந்து இலட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று கொழும்பிலும் டில்லியிலும் கணக்கு முடித்தார்கள், நீங்கள் வாங்கில் உட்கார்ந்திருந்த காலத்தில் அந்தக் கணக்கு வீடு வீடாகத் தீர்ந்துகொண்டிருந்தது. இன்றைக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை நாளைக்குப் பாஸ்போட் வந்து, அழுகைக் கோச்சி என்று சொன்ன அந்த ரயிலில் தலைமன்னாருக்குப் போய்விடும், டீச்சர் இடாப்பில் கோடு போடுவார். 83 கலவரத்துக்குப் பிறகு இன்னும் சிலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். 84இல் இராமேஸ்வரம் கப்பலும் நின்றுவிட்டது. ஆக, ஆளுக்கொரு பக்கம் தன் கதையைத் தனியாகச் சுமந்துகொண்டு போனவர்கள், திருத்த யாருமில்லாமல் நாற்பது வருடம் வைத்திருந்துவிட்டு, திடீரென்று ஒரு நாள் ஒரே குரூப்பில் கொட்டுகிறீர்கள். இடிபடாமல் இருக்குமா?

கொம்பாஸ் பெட்டியும் இதுதான். எது உண்மை என்று கேட்கிறீர்கள். அவர் கொடுத்திருக்கலாம், புறப்படுகிற அந்த வாரத்தின் அழுகையில் உங்களுக்கு அது ஞாபகத்தில் நில்லாமல் போய், வீட்டில் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் மனசு ஒரு களவைக் கட்டியிருக்கலாம். அல்லது நீங்கள் உண்மையில் எடுத்து, அவர் இப்போது உங்களுக்காகச் சொல்கிற பொய்யாக இருக்கலாம். அப்படியென்றால் அது கோத்தகிரியிலிருந்து வந்த ஒரு சீதனம், வாங்கி வையுங்கள். விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

இப்போது அதிபரிடம் வருகிறேன்.

1984க்கு உங்களிடம் சாட்சி இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு இருக்கிறது. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. "அந்தப் பெயரை வைத்ததே நீங்கள்தான்" என்று தொடங்கினால் அவர் இல்லையென்பார், அது இன்னொருத்தன் என்பார், மூன்று பேர் அவருக்காகச் சாட்சி சொல்ல வருவார்கள், அவர்களும் பொய் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கும், கடைசியில் வழக்குப் போட்ட நீங்களே குற்றவாளிக் கூண்டில் நிற்பீர்கள். செவ்வாய்க்கிழமை அவர் எழுதியதோ போனில் இருக்கிறது, திகதியோடு, நேரத்தோடு. வாசித்தது நீங்கள். வலித்தது உங்களுக்கு. இதில் யாரும் ஒன்றும் மறுக்க முடியாது.

குரூப்பில் வேண்டாம், அவருக்குத் தனியாக அனுப்புங்கள். எழுத்தாக இல்லாமல் குரலாக அனுப்பினால் நல்லது, உங்கள் குரலைக் கேட்கும்போது பகிடிக்குப் பதில் பகிடி எழுதுவது அவருக்குக் கஷ்டமாக இருக்கும். இராத்திரியில் அனுப்பாதீர்கள், விடியும்வரை நீலக்கோடு விழுந்ததா என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். காலையில், மலைக்கு ஏறும் முன் அனுப்பிவிட்டுப் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நீங்கள் அவரைக் குரூப்பில் "சேர்" என்று கூப்பிடுவதாக எழுதியிருந்தீர்கள். அவர் மற்றப் பிள்ளைகளுக்கு சேர், உங்களோடு ஒரே வகுப்பில் வாங்கில் இருந்தவர். "நீங்க" என்றே பேசுங்கள், அந்த வயது நமக்கெல்லாம் வந்துவிட்டது, ஆனால் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள். கிட்டத்தட்ட இப்படி:

"நான் கொங்காணி போட்டு வந்தது உண்மைதான். செவ்வாய்க்கிழமை நீங்க எழுதினதை வாசிச்சதில இருந்து எனக்கு மனசு சரியில்ல. அந்தப் பேரை இனிக் குரூப்பிலயும் சொல்ல வேணாம், ஒன்றுகூடல் அன்னைக்கும் சொல்ல வேணாம். அவ்வளவுதான் சொல்ல வந்தேன்."

இதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டாம். "தப்பா நினைக்க வேணாம்" என்று கடைசியில் சேர்க்கக் கை துடிக்கும், சேர்க்காதீர்கள்.

பெரும்பாலும் மன்னிப்புக் கேட்பார். நான் பார்த்த அளவில் முக்கால்வாசிப் பேர் கேட்கிறார்கள், சிலர் அழுதும்விடுகிறார்கள், அப்போது நீங்கள் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. "பகிடிக்குத்தானே எழுதினேன்" என்றால், "பகிடின்னு தெரியும், எனக்கு வலிச்சது" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ஒரு பதிலும் வராவிட்டால் ஒழுங்கு செய்கிறவர்களில் நீங்கள் நம்புகிற ஒரு பெண்ணிடம் சொல்லுங்கள், மேடையில் யார் மைக் பிடித்தாலும் அந்தப் பெயர் வரக்கூடாது என்று. பெயர் அட்டை அடிக்கிறவர்களிடமும் சொல்லச் சொல்லுங்கள், பகிடி என்று பட்டப்பெயரை அட்டையில் அச்சடிக்கிற பழக்கம் சில பேட்ச்களில் உண்டு. (பெயர் அட்டை அவசியம்தான். இதே பாரிக் 1975இல் 392 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பழைய பள்ளிக்கூடப் படத்தில் வகுப்புக்காரர் முகத்தைப் பல பத்து வருடத்துக்குப் பிறகும் அநேகமானோர் கண்டுபிடித்தார்கள், பெயர்தான் வாயில் வரவில்லை. அதுவும் சின்ன வயதுப் படத்தைப் பார்த்து. நரைத்துப் பல்லும் போன பிறகு?)

சிலர் உங்களுக்கு வேறு யோசனை சொல்லுவார்கள்: நீயே மேடையில் ஏறி அந்தக் கொங்காணிக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிடு, அப்புறம் யாருக்கும் அதில் ருசி இருக்காது என்று. எனக்கு அது பிடிக்கவில்லை. ஐந்து வருடம் கழித்து உங்களுக்கே சொல்ல ஆசை வந்தால் சொல்லுங்கள். இப்போது சொன்னால் அது அந்தச் சிரிப்புப் படத்தையே கொஞ்சம் பெரிதாகப் போட்ட மாதிரி.

அந்த முப்பது பேரைப் பற்றியும் ஒன்று. அவர்கள் துரை பங்களாப் பிள்ளைகளா? லயத்துப் பிள்ளைகள்தானே. அதில் பாதிப் பேரின் அம்மாமார் நீங்கள் போட்ட அதே சாக்குக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டுதான் அந்த மழையில் மலையில் நின்றார்கள். மேமாத மழை தொடங்கினால் மஸ்கெலியாவில் குடை எத்தனை நாளைக்கு நிற்கும், குடை வாங்கத்தான் எத்தனை வீட்டில் காசு இருந்தது? நனைந்த சாக்கின் வாசம் அந்த வகுப்பில் எல்லார் வீட்டிலும் இருந்தது, அடுப்புப் புகையோடு சேர்ந்து. உங்களைச் சுட்டிச் சிரித்தபோது அது தங்கள்மேல் இல்லை என்று ஆகிவிட்டது. இன்றைக்கும் அந்தச் சிரிப்பில் அதுதான் இருக்கிறது என்பது என் எண்ணம். டவுனில் வீடு கட்டி, பிள்ளைகளைக் கொழும்பில் படிக்க வைத்து, லயத்தை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம் என்று அவர்களுக்கு அவர்களே சொல்லிக்கொள்ள ஒரு கொங்காணி தேவைப்படுகிறது. இதற்காக அவர்களை மன்னிக்கச் சொல்லவில்லை. நீங்கள் மண்டபத்துக்குள் போகும்போது முப்பது பேரும் உங்களைவிட உயரத்தில் நிற்பதாக நினைத்துக் குனிந்து போகாமல் இருக்க இது உதவும், அதற்காகச் சொன்னேன்.

ஓ.எல் எழுதாத நான் 84 பேட்ச்சா என்று கேட்டிருந்தீர்கள். பாடசாலையில் சேர்வு இடாப்பு என்று ஒன்று இருக்கிறது, உங்கள் அப்பா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போன அன்றைக்கு எழுதிய பெயரும் சேர்விலக்கமும் அதில் இருக்கும், பரீட்சை எழுதாததற்காக அதில் யாரும் பெயரை வெட்டுவதில்லை. நீங்கள் மலைக்குப் பேர் போட்ட அதே 1984இல்தான் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் வந்தது, நினைவிருக்கிறதா? மற்றவர்கள் பரீட்சை மண்டபத்தில் இருந்த நாட்களில் நீங்கள் அந்தப் புதுச் சம்பளத்துக்குக் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தீர்கள். 84ஐப் பற்றிப் பேச உங்களிடமும் ஒரு கதை இருக்கிறது, அதை யாரும் கேட்டால் சொல்லுங்கள்.

காசும் சாரியும். 5000 ரூபா கைக்காசுக் கொழுந்தில் எத்தனை கிலோ என்று அந்தத் தொகையைத் தீர்மானித்தவர்களுக்குத் தெரியாது, கெட்ட மனசால் இல்லை, மறந்துவிட்டார்கள். பொருளாளரிடம் தனியாக, இவ்வளவுதான் முடியும் என்று சொல்லுங்கள். எல்லா பேட்சிலும் சத்தமில்லாமல் இரண்டு பேருக்குச் சேர்த்துக் கட்டுகிற ஒருவர் இருப்பார். மெரூன் சாரிக்காகக் கடன் வாங்காதீர்கள். இருக்கிற நல்ல சாரியைக் கட்டுங்கள், படத்தில் ஓரத்தில் நிறுத்தினால் நிற்கட்டும்.

போவதா வேண்டாமா? அதிபரிடம் பேசிய பிறகு உங்கள் மனசு எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள், இன்றைக்கே சொல்ல வேண்டியதில்லை. போனால் தனியாகப் போகாதீர்கள், கோத்தகிரித் தோழியோடு ஒரே வேனில் போய் ஒரே மேசையில் இருங்கள். இடறுகிற நேரம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான், வயிறு நிறைந்து மைக் கைமாறி "பசுமையான நினைவுகள்" தொடங்கும்போது. உங்களுக்கு ஹட்டன் போய் மஸ்கெலியா பஸ் பிடிக்க வேண்டும், இருட்டுவதற்குள் வீடு போக வேண்டும், அதைவிடப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை, எழுந்து வாருங்கள். இன்னொன்று, வகுப்பில் யார் யார் இறந்துவிட்டார்கள் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் விளக்கேற்றும்போதுதான் ஒரு பெயரை முதல் தடவையாகக் கேட்கிற நிலைமை யாருக்கும் வரக்கூடாது, எனக்கு வந்தது.

நித்திரை இரண்டு வாரம் தாண்டியும் இப்படியே இருந்தால் மஸ்கெலியா ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் சொல்லுங்கள், அல்லது 1926க்கு எடுங்கள், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவிலும் எடுக்கலாம், தமிழில் பேசலாமா என்று கேளுங்கள்.

போகாமல் விட்டாலும் ஒன்றும் குறையாது, ஏனென்றால் உங்கள் ஒன்றுகூடல் அதற்கு முந்திய வாரமே நடக்கப்போகிறது. உங்கள் கோத்தகிரித் தோழி நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக் கப்பலில் வந்து, உங்கள் வீட்டில் நாலு நாள் தங்கப்போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனவர் காங்கேசன்துறையில் இறங்கி வருகிறார். காம்பரா சின்னது, இஸ்தோப்பில் எப்படிப் படுக்க வைப்பது என்று கவலைப்பட வேண்டாம், அவரும் அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்துதான் வருகிறார், நீலகிரிக் குளிர் பழகியவர். கம்பளி ஒன்று கூட இருந்தால் போதும். பெட்டியில் இருக்கிற ஊசி பொத்தானை வேறெதிலாவது கொட்டிவிட்டு, பாகைமானியைத் தேடிப் போட்டு வையுங்கள். கவராயம் எப்போதோ தொலைந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள், அதற்கு அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.